தானா நின்னுடுச்சு

லேப்டாப் எட்டாவது தடவையாக அணைந்தபோது மணி காலை எட்டேகால். முதலில் கம்பெனி முத்திரை வரும். அதற்குக் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். பிறகு திரை நீலமாகி, அதில் எழுதியிருப்பதில் ஒரு வரி படிப்பதற்குள் கறுத்துப்போகும். கொஞ்ச நேரத்தில் மறுபடி முத்திரை, மறுபடி புள்ளிகள். சமையலறை மேடையில் அதை வைத்துக்கொண்டு நின்றவன் ஒவ்வொரு தடவையையும் எண்ணிக்கொண்டிருந்தான்.

அது அவன் மனைவியுடையது. அவள் பேசுவதே அதில்தான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவளுக்குக் கை தளர்ந்தது, பிறகு கால், பிறகு நாக்கு. இப்போது அவள் சொன்னபடி கேட்பது கண்கள் இரண்டும்தான். லேப்டாப் திரைக்குக் கீழே ஒட்டியிருந்த ஒரு பட்டை அவள் கண் எந்த எழுத்தைப் பார்க்கிறது என்று படித்துக்கொள்ளும். ஒரு பெண்குரல் ஏற்ற இறக்கமில்லாமல் அதை வாசிக்கும். அந்தக் குரலில்தான் அவள் இந்த ஒரு வருடமாகக் கேலி செய்தாள், திட்டினாள், ஃபேனைக் குறைக்கச் சொன்னாள்.

அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இருபத்தாறு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்தபடியே வாழ்ந்தவன். எதிரே ஆள் வருகிறான் என்று மாணவனுக்குத் தெரிவதற்கு முன்பே இவன் மிதித்துவிடுவான். அதனால் மாணவர்கள் வைத்த பெயர் ‘பிரேக் சார்’. வீட்டில் அவளுக்கும் அவன் பிரேக்குதான்.

அன்று மாலை நாலு மணிக்கு மருத்துவர் வருவதாக இருந்தது. மூச்சு விடும் தசையும் தளர்ந்துகொண்டே வந்தது. முகமூடி வைத்துக் காற்றைத் தள்ளும் இயந்திரம் இனி அதிக நாள் போதாது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும், அல்லது வைக்காமல் விட வேண்டும். போன முறை வந்தபோதே மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “கண்ணால ஆமாம், இல்லைன்னு காட்டினா எனக்குப் பத்தாது. கண்ணு அசந்து போகும், கேக்கறவங்க கேக்கற விதத்துல பதில் மாறும். அவங்க வார்த்தையிலேயே அவங்க சொல்லணும். நான் அடுத்து இந்தப் பக்கம் வர ஒன்றரை மாசம் ஆகும். அதுவரைக்கும் தாங்குமான்னு எனக்குத் தெரியாது.”

அவன் அவளிடம் கேட்கவில்லை. பத்து நாளாக வாய் வரை வந்து நின்றது. போன வாரம் அவன் அறைக்குள் போனபோது அவள் ஏதோ கோப்பைச் சட்டென்று மூடிவிட்டாள். அப்புறம் பார்த்தால் அதற்குப் பூட்டு. அதில்தான் பதில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டான். நாலு மணிக்கு எல்லார் முன்னாலும் அந்தக் குரலில் அதைக் கேட்கத் தன்னால் ஆகாது, ஒரு மணி நேரமாவது முன்னால் தெரிந்தால் முகத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று தோன்றியது. பகலில் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அன்று லீவு. மனைவி தூங்கிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பைக் கழற்றிச் சமையலறைக்கு எடுத்து வந்தான். ‘பூட்டிய எந்தக் கோப்பையும் மூன்றே நிமிடத்தில் திறக்கும்’ என்ற சாஃப்ட்வேர் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. பாதுகாப்பை நிறுத்து என்றது, நிறுத்தினான். ஒப்புக்கொள் என்றது, ஒப்புக்கொண்டான். அணைத்துத் திற என்றது. அணைந்தது. திறக்கத்தான் இல்லை.

பிளக்கைப் பிடுங்கிப் போட்டான். கவிழ்த்துப் பிடித்தான். விசிறியால் வீசிக்கூடப் பார்த்தான். பழுது பார்க்கும் கடைக்குப் போன் செய்தான்.

“கொண்டாங்க சார், பாத்துடலாம். மூணு நாள் ஆகும். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட வேண்டியிருக்கும்,” என்றார் கடைக்காரர்.

“மூணு மணி நேரத்துல முடியாதா?”

“சார், எனக்கு முன்னாடி பதினாலு மெஷின் நிக்குது.”

அவள் விழித்துவிட்டாள் என்பதற்கு அடையாளம், முகமூடிக் காற்றின் தாளம் மாறுவது. அவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அவள் கண் முதலில் அவனைப் பார்த்தது, அப்புறம் அவன் கையில் இருந்த கறுத்த திரையை, அப்புறம் மறுபடி அவனை.

“தானா நின்னுடுச்சும்மா,” என்றான்.

அவள் ஒரு பெரிய அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் கணினி பழுது பார்த்தவள். மாடிக்கு மாடி கருவிப்பையோடு ஏறி இறங்கியவள். அத்தனை வருடத்தில் ஒருவர்கூட ‘நான்தான் கெடுத்தேன்’ என்று சொன்னதில்லை. எல்லாருக்கும் எல்லாமே தானாகத்தான் நின்றிருக்கிறது. அவள் கண் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. பிறகு சுவர்ப் பக்கம் போய் நின்றது. அங்கே காலண்டர் பின்பக்கத்தில் நர்ஸ் எழுதி மாட்டியிருந்த எழுத்துப் பலகை தொங்கியது.

அந்தப் பலகை என்றாலே அவனுக்கு ஆகாது. வல்லினமா, மெல்லினமா, இடையினமா, உயிரா என்று கேட்க வேண்டும். அவள் மேலே பார்த்தால் ஆமாம், இடது பக்கம் பார்த்தால் இல்லை. வல்லினம் என்றால் க, ச, ட, த, ப, ற என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எழுத்து கிடைத்ததும் புள்ளியா, அ-வா, ஆ-வா என்று ஔ வரை போக வேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிடம். முன்பெல்லாம் அவனை ‘நீங்க’ என்று கூப்பிட்டவள், இந்தப் பலகை வந்த பிறகு ‘நீ’ ஆக்கிவிட்டாள். மரியாதைக்கு இரண்டு எழுத்து அதிகம். அவனோ இரண்டாவது எழுத்திலேயே, “தண்ணியா? தலையணையா?” என்று பாய்ந்துவிடுவான். நர்ஸ் இருக்கும் தைரியத்தில் பலகையைத் தொட்டே மாதக்கணக்காகியிருந்தது.

பலகையை எடுத்தான். “உயிரா?”

கண் மேலே போனது.

“அ... ஆ... இ... ஈ... உ... ஊ... எ...”

மேலே. அப்புறம் மெல்லினம், ன், மறுபடி ன. என்ன.

“என்ன... என்ன ஆச்சுன்னா? தெரியலையே, நான் சும்மா எடுத்து...”

இடது பக்கம். மறுபடி பலகை. போ. ட். ட.

‘என்ன போட்ட.’

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். பலகை மடியில் கிடந்தது. சொல்லாமல் இருக்க வழியே இல்லை.

“பூட்டு திறக்கற சாஃப்ட்வேர் ஒண்ணு. நீ அந்த ஃபைல்ல என்ன எழுதியிருக்கேன்னு பாக்கணும்னு. டாக்டர் வர்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுடணும்னு தோணுச்சு. தப்புதான். பெரிய தப்பு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கோபமா அழுகையா என்று சொல்ல அந்த முகத்தில் எதுவும் மிச்சமில்லை. இயந்திரம் தன் பாட்டுக்கு மூச்சை உள்ளே தள்ளியது, வெளியே விட்டது. திரும்பக் கண்ணைத் திறந்தபோது பலகையைப் பார்த்தாள். அடுத்த கால்மணி நேரத்தில் அவள் சொன்னது இவ்வளவுதான்:

‘அது வீட்டு வேலை லிஸ்ட். உனக்கு.’

பலகையில் ஸ இல்லாததால் ‘லிச்ட்’ என்று வந்தது. கரண்ட் பில் எந்த நாள், தண்ணீர் வடிகட்டி எப்போது மாற்றுவது, எந்தக் கணக்குக்கு எந்தப் பாஸ்வேர்டு. அவள் இல்லாமல் போனாலும் ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அவன் தடுமாறக் கூடாதென்று எழுதிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டுக் காட்டலாமென்று பூட்டி வைத்திருந்தாள்.

“அப்போ... டாக்டருக்குச் சொல்ல வேண்டியது?”

‘இன்னும் முடிவு பண்ணல.’

கொஞ்சம் நிறுத்தி, அவளாகவே தொடர்ந்தாள்.

‘இன்னைக்கு யோசிச்சு எழுதலாம்னு இருந்தேன்.’

அவன் தரையில் இறங்கி உட்கார்ந்துவிட்டான். முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவளுக்கு என்று மிச்சமிருந்த ஒரே ஒரு பகலை ஒரு தண்ணீர் வடிகட்டிக் கணக்குக்காகத் தொலைத்துவிட்டான். இனி மருத்துவர் வருவார், அவளிடம் வார்த்தை இருக்காது, பையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பலகையும் கண்ணால் ஆமாம், இல்லை காட்டுவதுதானே, அவர் ஏற்க மாட்டார் என்று நினைத்தான். ஒன்றரை மாதம். அதற்குள் ஏதாவது ஒரு நாள் மூச்சு நின்றால், ஓடிவரும் ஆட்கள் கேட்கப்போவது இவனைத்தான். ‘வைக்கவா வேண்டாமா, சீக்கிரம் சொல்லுங்க.’ என்ன சொல்வான்? அவள் வேண்டும் என்று சொல்லிவிட்டால் இன்னும் எத்தனை வருடம் இந்த உடம்பில் கிடப்பாள் என்ற பயமும், வேண்டாம் என்றால் இந்த வீட்டில் தான் தனியாக எப்படி நடமாடுவது என்ற பயமும் அவனுக்குள் ஒன்றாகவே இருந்தன. எது பெரியது என்று அவனுக்கே தெரியாது.

அவன் தலை நிமிர்ந்தபோது அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘எழுந்திரு. சரி பண்ணலாம்.’

மணி பத்தரை. அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள், அவன் செய்தான். முதலில் லேப்டாப்பில் செருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னாள், கண்ணைப் படிக்கும் பட்டை உட்பட. பிறகு பவர் பட்டனைப் பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். திற, புள்ளிகள் சுற்றும்போதே அழுத்தி அணை. இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவைக்குப் பிறகு திரையில் வேறு ஏதோ வந்தது.

“‘சரிசெய்யும் வழிகள்’னு வருது! நீலமா, ஆனா எழுத்து நிக்குது!”

அவளிடமிருந்து அடுத்த இரண்டு சொல் வாங்கி உள்ளே போனான். அங்கே ஒரு கட்டம் நின்றது. ஹார்ட் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதாம், நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கொடுத்தால்தான் மேலே விடுமாம்.

“நாப்பத்தெட்டா! அது எங்க இருக்கு?”

‘பி.’ ‘ரி.’ ‘ட்.’

“பிரிட்டா? பிரிட்டிஷா? பிரிண்டரா?” அவன் எழுந்து பிரிண்டர் பக்கம் பாதி தூரம் போய்விட்டான். திரும்பிப் பார்த்தால் அவள் கண் இடது ஓரத்திலேயே நின்றது. வந்து உட்கார்ந்தான். அடுத்த எழுத்து ‘ச்’. பலகையில் ஜ-வும் இல்லை. ஃபிரிட்ஜ். அப்புறம் ‘கேரண்டி அட்டை’.

அலமாரியின் கீழ்த்தட்டை முழுக்கக் கொட்டி, வாரண்டிகளும் ரசீதுகளுமாக இருந்த குவியலில் அந்த அட்டையைத் தேட முக்கால் மணி நேரம் ஆயிற்று. பின்பக்கத்தில் அவள் கையெழுத்து, கை நன்றாக இருந்த காலத்தில் எழுதியது. எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு இலக்கம். ஐந்தாவது வரிசையில் ஈரம் பட்டு ஒரு எண் கரைந்திருந்தது. ஒன்றா ஏழா? ஒன்று போட்டான். தவறு என்றது. எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்து ஏழு போட்டான். உள்ளே விட்டது.

மணி ஒன்றரை. அவளுக்குக் குழாய் வழியாகத் திரவ உணவு கொடுத்தான். தான் எதுவும் சாப்பிடவில்லை. தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு திறக்கும் முறையில் லேப்டாப் திறந்தது. அந்தப் பாழாய்ப்போன சாஃப்ட்வேரைக் கண்டுபிடித்து நீக்கு என்றான். முடியாது என்றது. மறுபடி முடியாது என்றது.

“போக மாட்டேங்குதும்மா. அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. அடுத்து என்ன?”

திரை அவளுக்கும் தெரியட்டும் என்று நாற்காலியைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டு உட்கார்ந்தான். அவள் சொல்லத் தொடங்குவதற்குள் மூச்சு இயந்திரம் கூவியது. முகமூடி தளர்ந்திருக்கும் என்று பட்டையை இழுத்து இறுக்கினான். கூவல் நிற்கவில்லை. அவள் நெற்றி வியர்த்தது. கண் பலகைக்கும் அவனுக்கும் இடையே பாய்ந்தது.

“மெல்லினமா? ந-வா? புள்ளியா, அ, ஆ... நா. நாக்கா? நாக்கு உள்ள போயிடுச்சா?”

இடது.

“நானா? நான் என்ன பண்ணணும்?” தலையணையை உயர்த்தினான். முகமூடியை இன்னும் இறுக்கினான். அவள் உதட்டோரம் நிறம் மாறத் தொடங்கியது. அவள் கண் இடது ஓரத்தில் போய்க் குத்திட்டு நின்றது, இல்லை, இல்லை, இல்லை என்று. இருபத்தாறு வருடம் முந்திக்கொண்டு மிதித்தவன் இப்போது முகமூடியிலிருந்து கையை எடுத்தான். ஊகிக்காதே என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டான். குரல் உடைந்து, பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல வரிசையாகக் கேட்டான். வல்லினம், ற, புள்ளி. வல்லினம், க, ஆ.

நாற்கா.

குனிந்து பார்த்தான். நாற்காலியின் கால் காற்றுக் குழாயின் மேல் நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் அவன் முழு எடையும்.

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. குழாய் உப்பியது. கூவல் நின்றது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, பத்து மூச்சு. அவள் நிறம் திரும்பி வரும் வரை அவன் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

“என்னால முடியலம்மா,” என்றான். “நான் உன்னைக் கொன்னுடுவேன் போல இருக்கு. எனக்கு எதுவும் சரியா கேக்கவே தெரியல.”

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு பலகையை.

‘இப்ப கேட்டியே.’

மூன்றேகாலுக்கு அவர்கள் கடைசி வழியைத் தொட்டார்கள். ஒரு வாரத்துக்கு முன்பு கணினி எப்படி இருந்ததோ அந்த நிலைக்குத் திருப்பு என்று ஒரு பொத்தான். அழுத்தியதும் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் ஒரு பட்டை திரையில் வந்தது. ‘அணைக்க வேண்டாம். சற்று நேரம் ஆகலாம்.’ பட்டை பத்து சதவீதம் நிறைய இருபது நிமிடம் எடுத்துக்கொண்டது. அவன் கணக்குப் போட்டான். எந்தக் கணக்கிலும் நாலு மணிக்குள் முடியவில்லை.

நாலு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது மருத்துவர் வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, அவசரமில்லாத பெண்மணி. அவன் கதவைத் திறந்ததுமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். ஒளிக்கவில்லை. தானாக நிற்கவில்லை, நான்தான் கெடுத்தேன் என்றான். அவர் கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, திரையில் நகராத பட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுவரில் இல்லாமல் கட்டிலில் கிடந்த பலகையைப் பார்த்தார்.

“அதுல பேசுவாங்களா?”

“பேசுவா. ஆனா ரொம்ப நேரம் ஆகும்.”

“எனக்கு அஞ்சரை வரைக்கும் வேற வேலை இல்ல.” மருத்துவர் அவள் பக்கம் குனிந்தார். “நீங்க தயாரா? இன்னைக்குச் சொல்ல வேண்டாம்னாலும் பரவாயில்ல.”

கண் மேலே போனது. தயார்.

“சார், நீங்க எழுத்தை மட்டும் சொல்லுங்க. முழு வார்த்தையா எதையும் நீங்க சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்,” என்றான்.

“வல்லினமா... மெல்லினமா... இடையினமா?” மேலே. “ய... ர... ல... வ?” மேலே. “புள்ளியா, அ, ஆ, இ, ஈ, உ, ஊ, எ, ஏ?” மேலே.

வே.

வேணும், வேணாம். இரண்டு பதிலும் இப்படித்தான் தொடங்கும்.

“வல்லினமா? மெல்லினமா?” மேலே. “ங... ஞ... ண?” மேலே. “புள்ளியா?” அசையவில்லை. “அ?”

அடுத்தது ஆ. ஆ என்று அவன் சொல்லி, அவள் மேலே பார்த்துவிட்டால் முடிந்தது, வேணாம். அந்த ஒரு எழுத்துக்கு முன்னால் அவன் நிறுத்திவிட்டான்.

“நிறுத்தாதீங்க,” என்றார் மருத்துவர் மெதுவாக. “அவங்க காத்துக்கிட்டிருக்காங்க.”

“ஆ?” என்றான்.

அவள் கண் அவன் மேலேயே இருந்தது. அசையவில்லை. அவன் கணக்கில் அது ஒரு யுகம்.

“இ... ஈ...”

அசையவில்லை.

“உ?”

மேலே.

அவன் பலகையால் முகத்தை மறைத்துக்கொண்டான். மருத்துவர் அவன் தோளைத் தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “இன்னும் முடியல போல இருக்கு சார். அவங்க பலகையைப் பாக்கறாங்க,” என்றார்.

முடியத்தான் இல்லை. ம் என்று முடித்துவிட்டு அவள் தொடர்ந்தாள். அடுத்த வாக்கியத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை கண் அசந்து மூடியது, மருத்துவர் காத்திருந்தார். அவன் எந்தச் சொல்லையும் முன்னால் போய் முடிக்கவில்லை, முடிவு என்னவென்று தெரிந்த பிறகும்கூட. மருத்துவர் தாளில் அப்படியே எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார்:

“‘வேணும். எப்ப எடுக்கணும்னும் நான்தான் சொல்வேன்.’ இதுதானே?”

மேலே.

“சரி. அதையும் சேர்த்தே எழுதிடறேன். நீங்க சொல்ற அன்னைக்கு உங்க பேச்சுதான் கேக்கணும்னு,” என்றார் மருத்துவர்.

அவர் போன பிறகு, ஆறு மணி வாக்கில் லேப்டாப் தானே ஒருமுறை அணைந்து, வழக்கமான திரையோடு திறந்தது. அவன் கண்ணைப் படிக்கும் பட்டையைச் செருகி அவள் முன்னால் வைத்தான். அவள் அதைப் பார்க்கவில்லை. தூங்கிவிட்டிருந்தாள்.

பதினோரு நாள் கழித்துத் தொண்டையில் குழாய் வைத்தார்கள். பெரிய வலி, அதற்கு மேல் காய்ச்சல். ஒரு கட்டத்தில் பிழைப்பாளா என்றே சந்தேகமாக இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் லேப்டாப்பை மாட்ட இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் அவனை உள்ளே விடுவார்கள். மூன்றாவது நாள் மாலைதான் அவள் கண்ணைத் திறந்து ஆளை அடையாளம் கண்டாள். அவன் பலகையை விரித்து, வல்லினமா என்று தொடங்கினான். எத்தனையோ பெரிய சொற்களுக்குத் தயாராக வந்திருந்தான். கிடைத்த பத்து நிமிடத்தில் முக்கால்வாசியைச் செலவழித்து, ஒரு எழுத்துகூட விடாமல் அவள் சொன்னது:

‘மூக்கு அரிக்குது.’

கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் கண் போதும் என்று சொல்லும் வரை சொறிந்துவிட்டான்.